வேலியடிக் கொப்பு

எங்கட ஊர் எப்பிடி எண்டு ஆரும் கேட்டா, சத்தமில்லாத ஊர் எண்டுதான் முதல்ல சொல்லுவன். கிழக்கால கடல், மேற்கால வாவி, நடுவில தென்னந்தோட்டமும் ரெண்டு கோயிலும், மிச்சமெல்லாம் மணல். மணல்ல ஆனை நடந்தாலும் காலடி கேக்காது. வயல் வட்டை எல்லாம் வாவிக்கு அங்கால, படுவான்கரையில. விதைப்பு, வெட்டு எண்டா ஆம்பிளைகள் தோணியேறிப் போயிருவாங்க. மறுகா ஊரைக் காக்கிறது பொம்பிளைகளும் கோழிகளும் நானும்தான். நான் எண்டா எட்டு வயசு, இடுப்பில நிக்காத காற்சட்டை. அது ஜப்பான் சண்டைக்கு முந்தின காலம்.

இப்பிடி ஊரில இருக்கிறவங்களுக்குக் காது கூர்மை. தோணி கரையில முட்டினா, அது ஆர்ர தோணி எண்டு எங்கட அம்மா குசினிக்குள்ள இருந்தே சொல்லுவா. ஆர் வீட்டு உரல் இடிபடுது, ஆர்ர மாடு கத்துது, எல்லாம் தெரியும். ரகசியம் பேச வேணுமெண்டா கடற்கரைக்குத்தான் போகோணும். அங்க அலை இரைச்சல்ல பேசுறவனுக்கே அவன்ட கதை கேக்காது.

அப்பிடிப்பட்ட ஊருக்கு வைகாசி வந்தா விசர் பிடிக்கும். அம்மன் கோயில் வெளியில கொம்புமுறி நடக்கும். கொக்கி மாதிரி வளைஞ்ச ரெண்டு மரக்கொம்பை ஒண்டோட ஒண்டு கோத்து, ரெண்டு பக்கமும் வடம் கட்டி, ஊர் ரெண்டாப் பிரிஞ்சு இழுக்கும். ஆர்ர கொம்பு முறியுதோ அவங்க தோத்தாங்க. தென்சேரி அம்மன்ட பக்கம், வடசேரி அவட புருசன்ட பக்கம். அம்மன்ட பக்கம் வெண்டா மழை வரும் எண்டு தென்சேரிக்காரர் சொல்லுவாங்க. நாங்க வடசேரி. மழை தானா வரும் எண்டு சொல்லுவம்.

சேரி தகப்பன் வழியால வாறது. வீடு வளவு தாய் வழியால வாறது. இதிலதான் எல்லா வீட்டிலயும் சிக்கல். அப்பா களுதாவளையில இருந்து ஒரு பெட்டியோட அம்மாட சீதன வீட்டுக்கு வந்தவர்; அந்த ஊரிலயும் இந்த ரெண்டு சேரிதான், அவர் வடசேரி. அம்மாவும் அவட அண்ணனும், அதுதான் என்ட மாமா, தென்சேரி. மாமாதான் தென்சேரிக்குத் தலைவர். அப்பா வடசேரிக்குக் கொம்பு பார்த்து வெட்டிச் சீவுற ஆள். வைகாசி பிறந்தா எங்கட வீட்டில அப்பாக்குச் சோறு வரும், கதை வராது.

இந்தக் கதைக்கு முந்தின வருசம் வடசேரி வெண்டது. வெண்டவங்க தோத்தவங்கட வாசலுக்குப் போய் நையாண்டிப் பாட்டுப் பாடுறது வழக்கம். அதை ஆரும் மனசில வைக்கிறல்ல. அப்பா மாமாட வாசலுக்குப் போய், மாமாட மொட்டைத் தலையில நிலவு எறிக்குது, விளக்குக்கு எண்ணெய் மிச்சம் எண்டு ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார். ஊர் விழுந்து விழுந்து சிரிச்சது. நானும் சிரிச்சன். இண்டைக்கு என்ட தலையைத் தடவுறபோது அந்தப் பாட்டு வஞ்சகமில்லாம எனக்கும் பொருந்துது.

மாமா மட்டும் மனசில வச்சிட்டார். அண்டையில இருந்து எங்கட படலை வாசலைத் தாண்டல்ல. அவர்ர மகன், என்ட மச்சான், வாவியில நண்டு பிடிச்சு எங்களுக்குக் கொண்டு வாறவன். அவனும் வரல்ல. அவனுக்கும் எங்கட அக்காக்கும் கலியாணம் எண்டு சின்னனிலயே பேசி வச்சிருந்ததாம். அக்கா வேலியடியில நிண்டு ஒழுங்கைப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பா. நண்டு சாப்பிட ஆசைப்படுறா எண்டு நான் நினைச்சன். எனக்கும் அந்த ஆசை இருந்தபடியால, நானும் பக்கத்தில போய் நிண்டு பார்ப்பன்.

அடுத்த வைகாசி வந்தது. அம்மா அம்மியில மிளகாயை வச்சு அரைச்சுக்கொண்டு, நிமிராமச் சொன்னா: "இந்த வருசமும் வெண்டு, அண்ணன்ட மொட்டையைப் பாடப் போறீங்களோ? அப்பிடியெண்டாப் பெரியவளுக்கு வேற மாப்பிள்ளை கடலுக்குள்ள இருந்துதான் வரோணும்."

"சேரி எண்டாச் சேரிதான் புள்ள. மெதுவா இழுங்க எண்டு சொன்னா என்னை ஊரை விட்டுக் கலைப்பாங்க."

"உங்களை எந்த ஊரை விட்டுக் கலைக்கிற? இது என்ட ஊர்."

அப்பா சிரிச்சிட்டு எழும்பிப் போயிட்டார்.

எங்கட வளவில ஒரு விடத்தல் மரம் நிண்டது. அதில ரெண்டு கொப்பு, ஒண்டு கெணத்துப் பக்கம், மற்றது வேலிப் பக்கம். ரெண்டும் கொம்புக்கெண்டே வளைஞ்ச மாதிரி. கெணத்தடிக் கொப்பில அப்பாக்குக் கண். அதை வடசேரிக்குத் தாறன் எண்டு சொல்லியும் போட்டார். அம்மா விடல்ல. "என்ட வளவு, என்ட மரம். கெணத்தடிக் கொப்பில கத்தி பட்டா நான் பொல்லாதவள்" எண்டா. அப்பா பாவம். அந்த வளவில அவருக்குச் சொந்தமா ஒரு ஈர்க்கில் கூட இல்ல. வடசேரி ஆக்கள் வாசலுக்கு வந்து, "என்ன, பொஞ்சாதி கொப்புத் தரமாட்டாவோ?" எண்டு கேட்டுக் கேட்டுப் போனாங்க.

மறுகா ஒரு நாள் காலம, வாசல் முத்தம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா திடீரெண்டு சொன்னா: "வேணுமெண்டா வேலியடிக் கொப்பை வெட்டுங்க." அந்தக் கொப்புக்குக் கீழதான் அவ ஒவ்வொரு நாளும் வண்டு கொட்டின மரத்தூளைக் கூட்டி அள்ளுறவ. சொல்லிட்டு உள்ள போய்த் தேங்காய் திருவத் தொடங்கினா.

அப்பா கத்தியோட மரத்தில ஏறினார். நான் கீழ நிண்டன். கெணத்தடிக் கொப்பைக் கத்திப் பிடியால ஒருக்காத் தட்டினார். 'டக்' எண்டிச்சு. வேலியடிக் கொப்பைத் தட்டினார். வெறும் பானையைத் தட்டின மாதிரி 'டொம்' எண்டு கேட்டது.

குசினியில திருவுற சத்தம் நிண்டது.

அப்பா குசினிப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுகா இன்னொருக்கா, மெதுவாத் தட்டினார். குசினியில தேங்காய் திரும்பத் திருவுப்பட்டது, முந்தியை விடக் கெதியா.

"தள்ளி நில்லு மனே" எண்டார்.

"ஏனப்பா பானை மாதிரிச் சத்தம் கேக்குது?"

"பச்சை மரம். காஞ்சாச் சரியாயிரும்."

நான் அதை அப்பிடியே விழுங்கினன். விழுங்கினதோட நிண்டிருக்கலாம். கொம்பைத் தோளில வச்சுக்கொண்டு போறபோது, வடசேரிக் கிழவன் ஒராள் அதைத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளிச்சார். நான் முன்னுக்குப் போய், "பச்சை மரம் எண்டா இப்பிடித்தான் கேக்கும்" எண்டு விளக்கம் சொன்னன். அப்பா என்ட தலையில கையை வச்சார். கெட்டிக்காரன் எண்டு மெச்சுறார் எண்டு நினைச்சன்.

கொம்புமுறி அண்டு பின்னேரம் ஊரே வெளியில நிண்டது. அப்பா கொம்பு கோக்கிற இடத்தில குந்தியிருந்தார். நான் வடத்தின்ட கடைசி நுனியில, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இழுத்தன். என்ட கால் மணலுக்குள்ள முழங்கால் மட்டும் போயிட்டுது. மூண்டாவது இழுவையில எங்கட கொம்பு முறிஞ்சது. வடசேரி முழுக்க மல்லாக்க விழுந்தது. எனக்கு மேல விழுந்தவர் ஊரிலயே பெருத்த மனிசன். அவர் எழும்புற வரைக்கும் நாங்க தோத்தது எனக்குத் தெரியாது.

அண்டைக்கு மாமா பெரிய கூட்டத்தோட எங்கட படலையடிக்கு வந்தார். அப்பா வெட்டின கொம்பு பப்பாசித் தண்டு, கொம்பு பார்க்கத் தெரியாதவனுக்கு எங்கட தங்கச்சியைக் குடுத்திட்டம் எண்டு ஒரு பாட்டு. அப்பா கையைக் கட்டிக்கொண்டு சிரிச்சபடி கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. வெக்கமில்லாத தகப்பன் எண்டு மனசுக்குள்ள ஏசினன்.

பாடி முடிய மாமாக்குத் தொண்டை காஞ்சு போயிட்டுது. "தண்ணி தாகா, தங்கச்சி" எண்டார் அம்மாவைப் பார்த்து. அம்மா செம்பைக் கொண்டு வந்து, படலைக்கு இஞ்சால, உள்ளுக்கே நிண்டா. மாமா கொஞ்ச நேரம் செம்பையும் படலையையும் பார்த்தார். மறுகா படலையைத் தள்ளிக்கொண்டு உள்ள வந்தார். ஒரு வருசத்துக்குப் பிறகு வந்தவர், சோறு தின்னாமப் போகல்ல. கை கழுவக்குள்ள, "பெரியவளைக் காணல்ல?" எண்டு கேட்டார். அப்பா, "உள்ளதான் மச்சான்" எண்டார்.

அடுத்த நாள் காலம மச்சான் ஒரு கூடை நண்டோட வந்தான். நான் கோவத்தில தின்னக் கூடாது எண்டு இருந்தன். கறி கொதிச்ச மணத்தில அந்தக் கோவம் தாக்குப் பிடிக்கல்ல.

அந்த ஆவணியில அக்காக்குக் கலியாணம் நடந்தது. நான் அப்பவும் தோத்ததைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டு திரிஞ்சன். கெணத்தடிக் கொப்பை வெட்டியிருந்தா வெண்டிருப்பம் எண்டு பந்தலுக்கு வந்தவங்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னன். அம்மா கேட்டுக்கொண்டே எனக்கு இன்னொரு பலகாரம் தந்தா. அப்பா அங்கால திரும்பி நிண்டார். கொம்புமுறி அண்டு எங்கட வீட்டில மெய்யாவே வடத்தை இழுத்தவன் நான் ஒராள்தான்.