பழனியிலிருந்து வந்தவர் கேட்ட கேள்வி

வெளியுறவுத் துறையில், பேச்சுவார்த்தை மேசைகளில் பாதி ஆயுள் போனது. ஓய்வுக்குப் பிறகு, கூட வேலை பார்த்த நண்பரோடு சேர்ந்து ஒரு சமாதான ஆய்வு மையம் நடத்தினேன். நாடுகள் ஒன்றையொன்று நம்புவது எப்படி என்று ஊர் ஊராகப் பேசினேன். இப்போது திண்டுக்கல்லில், தம்பி வீட்டு மாடியில் இருக்கிறேன்.

போன தை மாதம் ஒரு போன் வந்தது. மீனவர் பேச்சுவார்த்தையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அண்டை நாட்டு அதிகாரி. அவரும் ஓய்வு பெற்றுவிட்டாராம். மனைவியோடு பழனிக்கு வந்திருக்கிறார், என்னைப் பார்க்க வேண்டுமாம். என் நம்பர் இவருக்கு எப்படிக் கிடைத்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சைவ ஓட்டலுக்கு வரச் சொன்னேன்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. “ஏன்க்கா, சாமி கும்பிட வந்த மனுசன். வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வா காப்பி குடுத்தா கொறஞ்சா போயிருவ?”

“அவரு எதையும் சும்மா செய்ய மாட்டாருப்பா.”

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தார். வேண்டுதலா வேஷமா என்று ஒரு கணம் யோசித்தேன். காபி வரும்வரை பழனிப் படிகளைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒன்று கேட்கலாமா? பிடித்து வைத்த படகுகளில் எத்தனையை விடுவித்தால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள் என்பது எங்களுக்கு முதல் நாளே தெரியும். உங்கள் ஆளே சொன்னார். நீங்கள்தான் சொல்ல வைத்தீர்களா?”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

“யார் சொன்னது?”

“அப்படியானால் உங்களுக்குத் தெரியாது” என்றார். காபிக்குப் பணம் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

அந்த எண்ணிக்கை எனக்கும், மேலதிகாரிக்கும், என்னோடு மையம் நடத்திய நண்பருக்கும் மட்டுமே தெரியும். மேலதிகாரி காலமாகிவிட்டார். நண்பரோ, என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தவர். அவரைச் சந்தேகிக்கவா? அல்லது எங்களைப் பிரிக்கத்தான் இந்த மனிதர் மொட்டை போட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தாரா? பிரித்து இப்போது அவருக்கு என்ன லாபம்?

இரண்டு நாள் பொறுத்து நண்பரை அழைத்து, நேராகவே கேட்டேன்.

“யார் சொன்னா?” என்றார்.

இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டலில் என் வாயிலிருந்து முதலில் வந்ததும் அதே கேள்விதானே. எங்கள் தொழிலில் பழகிய யாரும் அதைத்தான் கேட்பார்கள்.

“சும்மா காதுல விழுந்துச்சு” என்று போனை வைத்துவிட்டேன்.

நாடுகளுக்கிடையே நம்பிக்கை பற்றி நானும் நண்பரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில் கடைசி அத்தியாயம் என்னுடையது. எழுதி முடித்துவிட்டேன். அவர் வாரம் தவறாமல் கேட்கிறார். நான் இன்னும் அனுப்பவில்லை.