என் பெஞ்சில் சித்தி

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குக் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அம்மா விடியும் முன்பே தெருக் கூட்டும் வேலைக்குப் போய்விடுவாள். அதனால் தண்ணீர் வரும் காலைகளில் குழாயடியில் நான்தான் நிற்பேன். டிரம்மை நிரப்பிவிட்டுப் பள்ளிக்கு ஓடினால் முதல் பீரியட் முடிந்திருக்கும். எங்கள் சின்னப் பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுப்பது அதில்தான். கணக்குப் பாடமும் அதுதான். பத்தாம் வகுப்பு பாதி ஓடியபோது கணக்கு மிஸ் கூப்பிட்டு, குழாயடிக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இப்படியே போனா உனக்கு ஹால் டிக்கெட் வராதும்மா."

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்குப் போனதில்லை. அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். "இவ்ளோதானா? நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அடுத்த தண்ணீர் நாளில் நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முதல் பீரியட் முடிந்து மணி அடிக்கப் போகும் நேரம். வகுப்பில் என் பெஞ்சில் அம்மாவின் தங்கை உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை, தலையில் பூ, பார்வை கரும்பலகையில்.

அம்மாவின் வேலையில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலிருந்து இன்னொருத்தி போய்க் கூட்டுவாள். மேஸ்திரி ஆஜர் போட்டுவிடுவார். பள்ளியிலும் அப்படித்தான் என்று அம்மா நினைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, புது அட்மிஷனா?" என்றாள் ஒருத்தி.

"சும்மா இருங்கடி, மிஸ்ஸு சொல்றது காதுல விழல" என்றாள் சித்தி.

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். "இவங்க கணக்குப் படிச்சா நீ எப்படிம்மா பாஸாவே? இவங்க குழாய்க்குப் போகட்டும், நீ இங்க வா."

"அதத்தான் மிஸ்ஸு நானும் கேட்டேன். 'ஆஜர்தான் முக்கியம், வாய மூடிட்டுப் போய்க் குந்து'ன்னா எங்கக்கா."

சித்தி இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். அந்த வாரமே வேலைக்குப் போகும் நேரத்தைத் தள்ளிக் கேட்டு, எங்கள் குழாயடிக்கு வந்து நின்றாள். அதன்பின் நான் ஒரு நாளும் தவறக் கூடாது என்றார் மிஸ். காய்ச்சலோடும் போனேன், பெயர் கூப்பிட்டதும் "எஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். விட்டுப்போன கணக்குகளைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பழகினேன்.

ஹால் டிக்கெட் வந்தது. என் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரும் அச்சாகியிருந்தது. "எது நானு?" என்று கேட்டாள். காட்டினேன். விரலை அங்கேயே வைத்திருந்தாள்.

கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் பாஸானேன். இன்று பி.காம். கடைசி வருடம். கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்கிறேன்.