அம்மா தைத்த கம்ப்யூட்டர் உறை

சூடேறிய தூசிக்கென்று லேசாகத் தீய்ந்த ஒரு வாசனை உண்டு. நான் பதினொன்றாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் விளாங்குடி வீட்டின் முன்னறையில் ஒரு மாதமாக அந்த வாசனை அடித்துக்கொண்டிருந்தும் நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கம்ப்யூட்டர், அப்பா ஏதோ ஏலத்தில் எடுத்து வந்த பழசு. பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து, வைரஸ் வராது என்று சட்டம் பேசி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டவள் நான். அக்கா தன் எம்.பில். ஆய்வேட்டைத் தமிழில் அடித்ததும் அதில்தான். வெளிக்கடைகளில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், வீட்டிலேயே முடித்து பிடிஎஃப் ஆக்கித்தான் அச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை நாகமலை புதுக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்; அவளுக்குச் சொல்லி வைத்திருந்த பள்ளிக்கூட வேலையும் கைவிட்டுப் போகும்.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தது. ஓர் எழுத்தை அடித்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தாலும் அது திரையில் ஏறியிருக்காது. "எம்புட்டு நேரந்தான்டி இது சுத்தும்? அழுகையா வருது" என்றாள் அக்கா. "ஓசியில வந்தத நம்பி அவ படிப்பக் கெடுத்துட்ட" என்று என்னைத் திட்டினார் அப்பா. புதன்கிழமை காலை அவர் அழைத்து வந்த மெக்கானிக், "அண்ணே, எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுருவோம். சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிப் போனார்.

அதற்குள் நானே சரிசெய்துவிட வேண்டும் என்று பள்ளிக்கு மட்டம் போட்டேன். எந்த நிரல் அதிகம் இழுக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்து, வேண்டாததை நிறுத்தினேன். அலங்காரமெல்லாம் களைந்து எளிய திரைக்கு மாற்றினேன். எதுவும் உதவவில்லை. வெறுத்துப்போய் அணைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து போட்டால், பத்து நிமிடம் குதிரையாக ஓடியது, பிறகு பழையபடி படுத்துக்கொண்டது. மென்பொருள் கோளாறு சாப்பாட்டு நேரத்தில் சரியாகுமா? பெட்டியின் பின்னால் கைவைத்தேன், சுட்டது.

தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்த அம்மா, திண்டுக்கல் ரோட்டு லாரிப் புழுதிக்குப் பயந்து, பெட்டிக்குச் சரிகை வைத்து இறுக்கமாக ஓர் உறை தைத்திருந்தாள். ஓடும்போதும் அதைக் கழற்ற விடமாட்டாள். முன்பக்கத்தை மட்டும் திரைச்சீலை போலத் தூக்கி விடுவாள். உறையைக் கழற்றினால், ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் காற்றுத் துளைகளில் காய்ந்து அடைத்திருந்தது. உள்ளே விசிறியில், பக்கத்துத் தையல் மிஷினிலிருந்து பறந்த நூல் பிசிறு சுற்றிக் கிடந்தது. பெயின்ட் பிரஷால் எல்லாவற்றையும் தட்டிவிட்டேன். உறையில்லாமல் சூடு வெளியேறியதும், சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் ஒரு முறைகூடத் திணறவில்லை.

மெக்கானிக் வந்ததும் எல்லோர் முன்னாலும், "மிஷின்ல ஒண்ணுமில்ல, எல்லாம் எங்கம்மா பாத்த வேல" என்று அறிவித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "நல்லதுன்னுதானே தச்சேன்" என்று அம்மா உறையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் முழுக்க, அவசரத்துக்கு வந்திருந்த ஜாக்கெட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அக்காவின் கையெழுத்துப் பக்கங்களை அம்மா உரக்க வாசிக்க வாசிக்க, அக்கா அடித்து முடித்தாள். நன்றியுரையை மட்டும் என்னிடம் விட்டாள். நெறியாளர், நூலகர், அப்பா, கணினி உதவிக்கு நான் என்று வரிசையாகப் போட்டேன். வெள்ளிக்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது, வேலையும் கிடைத்தது.

அந்தக் கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய் வருடங்களாகிவிட்டன, தையல் மிஷினும் இப்போது இல்லை. கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட ஆய்வேட்டை மட்டும் அம்மா தன் பீரோவில் வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடம் நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து, "இந்தா, சின்னவ பேரு" என்று காட்டுகிறாள். அதில் அம்மா பெயர் இல்லை. அவள் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.