முந்நூறு கலியாணப் படமும் ஒரு காவலரணும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். புது டிஜிட்டல் கமராவின் சூம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்று பார்க்க, வெள்ளவத்தைக் கலியாண மண்டபத்து மாடியிலிருந்து நான் குறிவைத்தது காலி வீதிக் காவலரணை. துவக்கோடு நின்ற ஆமிக்காரனின் மீசைமயிர்கூடத் தெளிவாக விழுந்தது. யுத்தகாலக் கொழும்பில், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று போட்ட அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கு முன் பதினைந்து வருஷம் பெரிய பிலிம் கமராதான். சுருளுக்குப் பன்னிரண்டு படம். என்ன விழுந்ததென்று கழுவும்வரை எனக்கே தெரியாது. ஆமிக்கு எப்படித் தெரியும்? மறித்தால், பின்மூடியைத் திறந்து வெளிச்சம் காட்டிச் சுருளைப் பாழாக்கிவிடுவானோ என்ற பயம் ஒன்றுதான். இப்போதோ எடுத்ததெல்லாம் பின்பக்கத் திரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

பெண்ணின் தகப்பன் காலையிலேயே சொல்லியிருந்தார்: "தம்பி, மாப்பிள்ளை கனடாவுக்குத் திரும்பிப் போறார். பிள்ளையின்ர விசாவுக்குத் தாலி கட்டுற படம் கட்டாயம் வேணும். கவனம்."

"ஐயா, இந்தக் கமரா பிழைவிடாது" என்றேன். கமராவைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

பின்னேரம் பையோடு இறங்கி நடந்தேன். காவலரணில் ஒவ்வொருவராக மறித்துப் பையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நாலு பேர். அப்போதுதான் மீசை ஞாபகம் வந்தது. பைக்குள் கையை விட்டு, அந்த ஒரு படத்தை மட்டும் அழிக்கப் பொத்தானைத் தேடினேன். மூன்று பேர். இரண்டு பேர். திரை ஏதோ கேட்டது. வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று அமத்தினேன். திரை வெறுமையானது. முந்நூறு படமும் போய்விட்டது.

"கோ பின்தூர?" கமராவை வாங்கிப் பார்த்து, படங்கள் எங்கே என்றான் மீசைக்காரன். கலியாணத்திலிருந்து வருகிற படக்காரனிடம் ஒரு படமும் இல்லை. எதை அழித்தாய் என்று சிங்களத்திலேயே அதட்டினான். உன் மீசையை என்று எப்படிச் சொல்வது? மணல்மூட்டைக்குப் பின்னால் கிடந்த மரவாங்கில் இருத்தினார்கள். ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோய்க் காணாமலாக்குகிற வகை வெள்ளை வான் ஒன்று வீதியில் வேகம் குறைத்தபோது, வாங்கின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மண்டபத்தில் விசாரியுங்கள் சேர் என்று அழாக்குறையாகக் கெஞ்சினேன். ஆளனுப்பினார்கள். பெண்ணின் தகப்பன் பட்டு வேட்டியோடு ஓடிவந்தார். அழைப்பிதழைக் காட்டி, கைகூப்பி, அரை மணித்தியாலம் கதைத்து என்னை மீட்டார். வீதியைக் கடந்ததும் கேட்டார்:

"படங்கள் பத்திரம்தானே?"

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப திரும்பி ஆமிக்காரனிட்டயே போய் இரும்."