தண்ணீர் படாத விரல்கள்

“தண்ணியில கை வைக்காதீங்கன்னு சொன்னேன்ல!”

வாளியை அவள் காலால் தள்ளினாள். அவன் கையை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். மனைவி தரையைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை. மாலைக்குள் வீட்டைச் சுத்தம் செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். காலையில் எல்லையைத் தாண்டிக் குடிபோகிறார்கள்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. ரத்தக்கறைத் துணிகளை பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஊறியதில் அவனுடைய விரல்நுனிகளும் வெளுத்து வழவழவென்று ஆகிவிட்டன. எல்லை வாயிலில் தினமும் விரல் வைத்தால்தான் கதவு திறக்கும். ரேகை பதிந்தால் பச்சை விளக்கு, பதியாவிட்டால் சிவப்பு. இந்த மாதம் இரண்டு முறை சிவப்பு எரிந்து திரும்பி வந்தான். “இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைப் போட்டுருவேன்” என்றார் மேற்பார்வையாளர்.

அந்தப் பக்கமே இருந்துவிட்டால் தினமும் விரல் வைக்க வேண்டாம். இருவருக்கும் அனுமதி வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை அந்த இயந்திரத்தைத் தாண்டினால் போதும்.

குடிமாறுவதற்கென்று கெஞ்சி வாங்கிய விடுப்பில், சாப்பிட்ட தட்டைக்கூட அவள் அவனைக் கழுவவிடவில்லை. விரல் விரலாகத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

சாமான் ஏற்ற வேனோடு வந்த அவளுடைய தம்பி அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். “என்ன மச்சான், வெண்ணெய் மாதிரி இருக்கு. மோதிரம் ஒண்ணுதான் பாக்கி.”

“கண்ணு வைக்காதடா. நீ போய்க் கட்டிலைத் தூக்கு.”

குளியலறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

காலையில் வாயிலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சாமான்கள் நேற்றே சரக்கு வழியில் போய்விட்டன. முன்னால் நின்றவர்கள் குறைந்து அவன் முறை வந்தது. விரலை வைத்தான். சிவப்பு. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தான். சிவப்பு. பின்னாலிருந்து யாரோ “ச்சு” என்றார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கட்டைவிரலை அழுத்தினான். பச்சை.

அவனை உள்ளே விட்டுவிட்டுத் தடுப்பு மூடிக்கொண்டது. அங்கிருந்தே பெண்கள் வரிசையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தபடியே விரலை வைத்தாள்.

சிவப்பு.

“வேற விரல் வைம்மா” என்றார் காவலர்.

சிவப்பு. எந்த விரலுக்கும் சிவப்பு. காவலர் அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். “என்னம்மா இது, தோலெல்லாம் உரிஞ்சு கிடக்கு? ஆறினப்புறம் வா.”

“எங்க வீட்டுக்காரர் உள்ள போயிட்டாரு சார்.”

“அவர் போகட்டும். நீ திரும்பு.”

அவன் தடுப்புக்கு ஓடிவந்தான். “இரு, நானும் வந்துடறேன்.”

“வந்து? மறுபடி அந்தச் சனியன்ல விரல் வைக்கவா? போங்க.”

“வீட்டையும் குடுத்துட்டோமே.”

“தம்பி வீடு எதுக்கு இருக்கு? போங்கன்னா போங்க.” அதட்டித்தான் சொன்னாள். உரிந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

தடுப்பைப் பிடித்தபடி நின்றான். இந்தக் கம்பியைத் தாண்டினால் மீண்டும் வரிசை, மீண்டும் இயந்திரம். கால் நகரவில்லை. அவளுக்காக நிற்கிறானா, பயத்தில் நிற்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் இடித்துத் தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தபோது அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

மறுநாள் அவன் வேலைக்கு நடந்தே போனான். மணி அடிப்பதற்கு முன்பே போய்விட்டான். மேற்பார்வையாளர் தலையசைத்தார். இடைவேளையில் மைத்துனனுக்கு ஃபோன் செய்தான். அக்கா தூங்குகிறாள் என்றான். தோல் உரிந்த கை ஆற எத்தனை நாளாகும் என்று ஒரு நர்ஸிடம் கேட்டான். ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றாள். மதியத்துக்குமேல் அறுவைப் பிரிவிலிருந்து துணி வந்தது. ஊறப்போட்டான்.