பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சீனக் கொடி

1974 ஜூன். மலேசியத் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் மழைக்கு ஒதுங்கிய தையல்கடையில் அமெரிக்கக் கொடியும் சோவியத் கொடியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தையற்காரர் முனியாண்டியின் மெஷினில் ஓடுவது சீனக் கொடி. எந்தப் பக்கமும் சாயாமல் எல்லாரோடும் பழகுவது என்று மலேசியா முடிவெடுத்திருக்கிறது. சீனாவோடு கைகுலுக்கி மாதம்கூட ஆகவில்லை. அரசாங்க விருந்துக்கு எல்லாக் கொடியும் ஒரே அளவில் வேண்டுமாம்.

"வெள்ளைக்காரன் கம்யூனிஸ்ட்டுங்கள வேட்டையாடுன எமர்ஜென்சி காலத்துல இந்தச் சிவப்புத் துணி வீட்டுல இருந்தாலே புடிச்சிட்டுப் போயிடுவாங்க, அண்ணே. எங்க மாமா அப்படிப் போனவருதான். இப்ப கவர்மெண்டே தைக்கச் சொல்லுது லா. தைக்கிறேன், ஆனா ஒரு கண்ணு வாசல்மேலதான் இருக்கு," என்கிறார் முனியாண்டி என்னிடம்.

கடைசி ஓரத்தையல் முடிகிற நேரம், வாசலில் ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் வந்து நிற்கிறார். முனியாண்டியின் கால் பெடலிலேயே நின்றுவிடுகிறது.

வந்தவர் கொடிகளை எடுத்துப்போக வந்தவர்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சீனக் கொடியை மெல்லத் தூக்கி அமெரிக்கக் கொடியின்மேல் விரிக்கிறார். விளிம்போடு விளிம்பு பொருந்துகிறது. துணி தரையில் படாமல் தானே மடித்துக் கையில் ஏந்திக்கொள்கிறார்.

முனியாண்டி நெற்றியைத் துடைக்கிறார். பிறகு, கொஞ்சம் துணிந்து, மலாயில் 'ஐயா' போட்டு மரியாதையாகக் கேட்கிறார்: "அடுத்து எந்த நாடு, துவான்?"