பத்து மணிக்கு வந்த பதில்கள்

மூன்று நாளாகத் துப்பறியும் வேலை பார்த்தேன் மக்களே!

எனக்குச் சந்தேகக் குணம் கொஞ்சம் அதிகம். மிளகாய்த்தூள் வாங்கினாலும் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சமைப்பேன். (வீட்டுக்காரர் சாட்சி.)

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஆசை வரட்டும் என்று இந்தத் தவணை ஒரு குவிஸ் ஆப் தொடங்கினேன். மாலையில் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடுவேன். பத்துக் கேள்வி. மறுநாள் பின்னேரத்துக்குள் பதில் வர வேண்டும். யார் முதலிடம் என்று ஆப்பே பட்டியல் போட்டுக் காட்டும். முதலிடம் வருகிறவர் பதுளையில் நடக்கும் வினாடி வினாப் போட்டிக்குப் போகலாம்.

முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன்.

"சிக்னல் இல்ல, சார்ஜ் இல்லன்னு யாரும் என்கிட்ட கதை சொல்லக் கூடாது!"

ஒருவரும் சொல்லவில்லை. அத்தனை பேரும் பதில் அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடசாலை அதிபரிடம் போனைக் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

முதலிடத்தில் யார் தெரியுமா? தரம் ஒன்பது கவிதா!

அங்கேதான் எனக்கு மூக்கில் வியர்த்தது. கவிதா வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பாள். முதல் நாள் இரண்டு வாங்கியவளுக்கு அப்புறம் தினமும் எட்டு, ஒன்பது மார்க்கா?

பதில் வந்த நேரத்தைத் தோண்டினேன். எல்லா நாளும் காலை பத்து மணி!

பிள்ளைகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது. பத்து மணிக்கு அவள் என் வகுப்பில்தான் இருப்பாள். அப்படியென்றால்?

நேற்றுப் பத்து மணிக்குப் போனும் கையுமாக அவள் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

கவிதா கொப்பியில் இலை வரைந்துகொண்டிருந்தாள். கவிதாவின் பதில்களோ ஒவ்வொன்றாக என் போனில் வந்து விழுந்தன. முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவது பிழை. (ஆனைக்கும் அடி சறுக்கும்!)

"யாரு புள்ள ஒன் பேர்ல செய்யிறது?"

வழக்கம்போல மேசையைப் பார்த்தாள்.

"அண்ணனா? டியூஷன் சாரா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப பேயா?"

வகுப்பே சிரித்தது. அவள் அழுதாள். நான் விடவில்லை. "கள்ள வேல செய்யிறவங்க போட்டிக்கு வரத் தேவயில்ல" என்று எல்லார் முன்னாலும் போட்டிப் பட்டியலில் அவள் பெயரை வெட்டினேன். வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரவும் சொன்னேன்.

இன்று காலை அவள் அம்மா வந்தார். அரைநாள் வேலையை விட்டுவிட்டு, கொழுந்துக் கறை பிடித்த விரல்களோடு.

"டீச்சர், புள்ளய ஏசாதீங்க. செஞ்சது நான்தான்."

"நீங்களா!"

"எங்க லயத்து வீடு பள்ளத்துல இருக்குங்க. அங்க சிக்னலே கெடயாது. காலையில பெரட்டுல பேரு குடுத்துட்டு ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்தெடுக்க ஏறுனாத்தான் போன்ல ரெண்டு கோடு காட்டும். நான் மலையில இருக்கிற நேரம் புள்ள ஸ்கூல்ல இருக்கும். சிக்னல் இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்களாம். புள்ள பயந்துபோயி அழுதுச்சு. அதான் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல நானே அமுக்குனேன்."

நான் நம்பினேனா? இல்லை! (குணம் லேசில் போகுமா?)

"சரி, எல பச்சயா இருக்கிறது எதனால?"

"பச்சையம்" என்றார் பட்டென்று. "மொத நாளு அது தெரியாம ரெண்டு மார்க்குதான் வந்துச்சு. புள்ளைக்கு வெக்கக்கேடாப் போச்சேன்னு மனசு கேக்கல. அப்பறம் மூத்தவளோட பழய புஸ்தகத்த கொழுந்துக் கூடையில போட்டுக்கிட்டுப் போனேன். நான் வாசிப்பேன், பக்கத்துல கொழுந்து எடுக்கிறவுங்க எல்லாம் சண்ட புடிச்சுப் பதில் சொல்லுவாங்க. நான் அஞ்சாவதோட நின்னவ டீச்சர்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பாடசாலை மேட்டில் இருக்கிறது, சிக்னல் உண்டு. என் வீடு ஹாலிஎலவில், அங்கேயும் உண்டு. பள்ளத்தில் இருக்கிறவர்களை நான் யோசிக்கவே இல்லை.

நேரே வகுப்புக்குப் போனேன். "நேத்து நான் சொன்னது தப்பு. கவிதா, என்னய மன்னிச்சிரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். வெட்டிய பெயரை மறுபடி எழுதினேன்.

"வீட்டுல சிக்னல் இல்லாதவங்க கை தூக்குங்க. ஏச மாட்டேன்."

முதலில் கவிதா தூக்கினாள். பிறகு பாதி வகுப்பு. ஒருவனுக்கு டவுன் கடையில் நிற்கும் மாமா செய்கிறாராம், ஒருத்திக்குக் கொழும்பிலிருந்து அக்கா! நான் பீற்றிக்கொண்ட பட்டியலில் பாதிப் பேர் என் மாணவர்களே இல்லை.

போட்டிக்கு யார் போவது என்பதை இனி வகுப்பிலேயே பார்ப்போம் என்று, புரொஜெக்டரைத் தூசி தட்டிக் கேள்விகளைச் சுவரில் காட்டினேன். பிள்ளைகள் அட்டையைத் தூக்கிப் பதில் சொன்னார்கள். கவிதாவும் தூக்கினாள். பத்துக்கு நாலு. அந்த நாலும் அவளுடையது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா மெல்லக் கேட்டார்.

"அப்ப இனிமே அந்த லிங்க் போட மாட்டீங்களா டீச்சர்?"

"இல்லக்கா, இனிமே வகுப்புலதான்."

அவர் முகம் வாடிவிட்டது.

"குருதிச் சுற்றோட்டம் வரைக்கும் வாசிச்சு வச்சிட்டேன்..."

போனைத் திறந்தேன்.

"ஒங்களுக்கு மட்டும் லிங்க் வரும். ஒங்க பேரச் சொல்லுங்கக்கா, பட்டியல்ல போடணும்."

"எம் பேரா? புள்ள பேரே இருக்கட்டுமே."

"அவ நாலு அவளுக்கு. ஒங்க ஒம்பது ஒங்களுக்கு."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம்! பிறகு சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, "செல்வராணி" என்றார். "நானே அடிக்கிறேன், தாங்க டீச்சர்."